கார் பெயின்றில் சுழல் கீறல்கள்: முதன்முறை கைவைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஒழுங்கையில் நிற்கும் நாலைந்து கார்களுக்கும் என் சொந்தக் காருக்கும் சில வருடங்களாக நானே பொலிஷ் செய்து வருகிறேன். கராஜ் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு போர்ட்டிகோ, ஒரு மெஷின், சில வாளிகள், அவ்வளவுதான். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காரைப் புதிதாக வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் பலருக்கு வந்துவிட்டது. கேட்பவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

சுழல் கீறல் என்பது என்ன? ஏன் சிலந்தி வலை மாதிரி வட்டமாகத் தெரிகிறது?

நல்ல வெயிலில் காரின் பொனற்றை (எஞ்சின் மூடியை) பாருங்கள். சூரியன் தெறிக்கும் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். யாரோ வட்டமாகத் தேய்த்ததால் வந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அங்கே பல திசைகளில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நேர்க்கோட்டுக் கீறல்கள் இருக்கின்றன. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னும், மற்றவை கண்ணுக்குப் படாது. அதனால்தான் வட்டம் போல ஒரு தோற்றம். தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். இரவில் ரோச் லைற்றை அடித்துப் பார்த்தாலும் இதுவே தெரியும்.

நான் தினமும் துடைத்துச் சுத்தமாகத்தானே வைத்திருக்கிறேன். எனக்கு எப்படி வந்தது?

தினமும் துடைப்பதால்தான் வந்தது. இதைச் சொல்ல எனக்கே வருத்தம். ஏனென்றால் காரில் அக்கறை உள்ளவர்களின் கார்தான் பெரும்பாலும் இப்படி ஆகியிருக்கும்.

என் அப்பா காலையில் தேத்தண்ணீர் குடித்த கையோடு பழைய சாரத் துணியை நனைத்துக்கொண்டு காரடிக்குப் போவார். பொனற், கூரை, கதவு எல்லாம் அழகாகத் துடைப்பார். பதினொரு வருடம் அப்படிச் செய்தார். கரு நீலக் கார். கடைசியில் வெயிலில் நிறுத்தினால் நீலம் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அது பெயின்ற் மங்கியதால் வந்தது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண் தூசி மிக நுண்ணியது. வைகாசி தொடங்கிச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மூடிய போர்ட்டிகோவுக்குள்ளும் வந்து படியும். கரையோரத்தில் இருப்பவர்களுக்குக் கடல் மணலும் சேர்ந்துகொள்ளும். அந்தத் துகள்களில் பெயின்றை விடக் கடினமானவை உண்டு. ஒரு துணியை மேலே வைத்து இழுத்தால் அந்தத் துணி சாண்ட் பேப்பர் வேலையைத்தான் செய்யும். நனைத்த துணி என்றாலும் ஒரே துணியால் முழுக் காரையும் துடைத்தால் முதல் கதவில் ஏறிய மண் கடைசிக் கதவு வரை கூடவே வரும். இறகுத் தூசிதட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவுவதும் ஒரு காரணம். பத்துக் காருக்கு ஒரே துணி, சில்லுக்கும் காரின் உடலுக்கும் ஒரே ஸ்பொஞ். அங்கே கொடுக்கத்தான் வேண்டும் என்றால், "தம்பி, தண்ணீர் அடிச்சு நுரை போட்டுக் கழுவி விடுங்கோ, துணி போட வேண்டாம். நான் வீட்டில துடைக்கிறன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் வேலை குறைவு.

அப்படியானால் எப்படிக் கழுவுவது?

பொலிஷ் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். கழுவும் பழக்கத்தை மாற்றாமல் பொலிஷ் செய்தால் மூன்று மாதத்தில் அதே கீறல் திரும்ப வந்துவிடும், பெயின்றும் வீணாக ஒரு படி மெலிந்துவிடும்.

இரண்டு வாளி எடுங்கள். ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் கார் முழுவதும் ஹோஸ் பிடித்துத் தூசியைக் கழற்றிவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. தண்ணீரோடு போகும் மண் எல்லாம் கீறாத மண். பிறகு மைக்ரோபைபர் கையுறையை ஷாம்பூவில் தோய்த்துக் கூரையிலிருந்து கீழே வாருங்கள். நேர்க்கோட்டில், அழுத்தாமல். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் அலசி, அதன் பிறகே ஷாம்பூ வாளிக்குள் விடுங்கள். அலசும் வாளியின் அடியில் ஒரு வலைத் தட்டு இருந்தால் மண் கீழே தங்கிவிடும், திரும்பக் கையுறையில் ஏறாது. கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசியாகத்தான். சில்லுகளுக்குத் தனி வாளி, தனித் துணி.

பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது மேலே உள்ள வாக்ஸையும் கழற்றிவிடும். பொலிஷ் செய்யப் போகும் நாளில் மட்டும் அதைப் பயன்படுத்தினால் குற்றமில்லை.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் நிறைய யோசித்தேன். ஒரு நாள் இரவில் ரோச் லைற்றை அடித்துக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் அவரே கடைக்குப் போய் இரண்டாவது வாளி வாங்கி வந்தார்.

கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழுகிறதே?

குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக் கல். நாங்கள் அள்ளும் தண்ணீர் அதன் ஊடாகத்தான் வருகிறது, அதனால் பெரும்பாலான கிணறுகளில் தண்ணீர் கடினத்தன்மை உள்ளது. வெயிலில் ஒரு துளி காய்ந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், கல்சியம் மட்டும் வளையமாக அங்கேயே நிற்கும்.

புதிய புள்ளி என்றால் வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துணியில் நனைத்து அரை நிமிடம் அதன் மேல் வைத்து, துடைத்து, உடனே நன்றாகக் கழுவிவிடுங்கள். குளிர்ந்த பெயின்றில், நிழலில் மட்டும். சுண்ணாம்பு போய்விட்ட பிறகும் அதே இடத்தில் குழி மாதிரி ஒரு வளையம் தெரிந்தால் அது கிளியரை, அதாவது நிறத்துக்கு மேலே உள்ள நிறமில்லாத பூச்சை, அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பொலிஷ்தான் வழி.

வராமல் பார்ப்பது சுலபம். அதிகாலையிலோ பின்னேரத்திலோ நிழலில் கழுவுங்கள். காயவிடாமல் பெரிய மைக்ரோபைபர் துவாயை மேலே விரித்து ஒற்றி எடுங்கள். நான் கார்த்திகை மழையில் பீலித் தண்ணீரை இரண்டு பரலில் பிடித்து வைத்திருப்பேன். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, கடைசி அலசலுக்கு அதைப்போல ஒன்றில்லை. அது முடிந்துவிட்டால் வடிகட்டிய குடிதண்ணீர் ஐந்து லீற்றர் போதும்.

பண்ணைப் பாலம், சங்குப்பிட்டி, ஆனையிறவு என்று கடல்நீரேரியைக் கடந்து அடிக்கடி போய்வருபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். உப்புக் காற்று படிந்த காரை அன்றைக்கே தண்ணீர் அடித்து விடுவது நல்லது. கீறலை விட உப்பு பிடிப்பதுதான் அந்தக் கார்களுக்குப் பெரிய எதிரி.

பெயின்ற் எவ்வளவு தடிப்பு? எத்தனை முறை பொலிஷ் செய்யலாம்?

தகட்டின் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், அதன் மேல் நிறமில்லாத கிளியர். கீறல்கள் பெரும்பாலும் கிளியரில்தான் இருக்கும். கம்பனியில் அடிக்கும் கிளியர் பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன். ஒரு தலைமயிரின் தடிப்பே ஏறக்குறைய 70 மைக்ரோன். அதிலும் குறைந்த ஒரு படலத்தின் மேல்தான் நாங்கள் வேலை செய்கிறோம்.

பொலிஷ் செய்வது என்றால் கீறலை நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியரைச் சீவி எடுப்பதுதான் பொலிஷ். மெல்லிய பொலிஷ் ஒரு மைக்ரோன் அளவு எடுக்கும், அதிகம் வெட்டும் கரடான பொலிஷான கொம்பவுண்ட் சில மைக்ரோன் எடுக்கும். இறைத்த கிணறு ஊறும், எடுத்த கிளியர் ஊறாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தக் கிளியருக்குள்தான் கலந்திருக்கிறது. அதை மெலிய விட்டால் எங்கள் சித்திரை வெயிலில் சில வருடத்தில் தோல் உரிந்த மாதிரிக் கழன்றுவிடும். கூரையும் பொனற்றும் வெளிறித் தோல் கழன்ற கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே எத்தனை முறை என்று எண்ணிச் சொல்ல முடியாது. முழுமையான திருத்தம் ஒரு முறை, அதன் பிறகு தேவைப்பட்டால் மட்டும் மிக மெல்லிய பொலிஷ். வருடா வருடம் கட் அண்ட் பொலிஷ் (கொம்பவுண்டால் வெட்டி, பிறகு மெருகூட்டுவது) போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்தக் கீறல் போகும், எது போகாது?

விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக இழுங்கள். நகம் தட்டாவிட்டால் பெரும்பாலும் பொலிஷில் போகும். நகம் தட்டினால் முழுக்க எடுக்க முயல வேண்டாம். விளிம்பை மட்டும் மழுக்கினால் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அதுவே போதும். உள்ளே வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது. தகடு தெரிந்தால் உடனே ரச்-அப் பெயின்றாவது வைத்துவிடுங்கள், எங்கள் காற்றில் துரு பிடிக்க அதிக நாள் எடுக்காது. நிற எண் பெரும்பாலும் கதவு நிலையிலோ பொனற்றுக்கு உள்ளேயோ உள்ள தகட்டில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஒழுங்கையில் வேலிக் கம்பு உரசிவிட்டது. நீளமாக ஒரு பக்கம் முழுக்கக் கோடு. என்ன செய்யலாம்?

கிளுவை வேலியும் போகன்வில்லாவும் இருக்கும் ஊரில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். முதலில் கழுவிப் பாருங்கள். கம்பின் பச்சையும் பட்டையும் பெயின்றின் மேல் ஒட்டி நிற்பதுதான் பல நேரம் கோடாகத் தெரிகிறது. கழுவிய பிறகு மிஞ்சுவதை நகத்தால் பாருங்கள். கிளுவை பெரும்பாலும் ஆழமாகக் கீறாது. முள்ளுக்கம்பி என்றால் அந்தக் கதை வேறு.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு டி.ஏ. (டுவல் அக்ஷன்) மெஷின், அதாவது சுற்றிக்கொண்டே ஆடும் பொலிஷ் மெஷின். நடுத்தர ஸ்பொஞ் பேட் மூன்று, மென்மையான பேட் இரண்டு. பேட்டின் நிறத்தை நம்ப வேண்டாம், ஒரு கம்பனியின் மஞ்சள் இன்னொரு கம்பனியின் மஞ்சள் போல இருக்காது. எது வெட்டும், எது மெருகூட்டும் என்று உறையில் வாசித்து வாங்குங்கள். ஒரு நடுத்தர பொலிஷ், ஒரு மெல்லிய பொலிஷ். கொம்பவுண்டைத் தேவைப்பட்டால் பிறகு வாங்கலாம். பெயின்றில் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கும் கிளே பார் ஒன்று. மாஸ்கிங் டேப். மைக்ரோபைபர் துணி பன்னிரண்டாவது வேண்டும், குறைத்துவிட வேண்டாம். நல்ல வெள்ளை ரோச் லைற். வாய்க்கு முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி.

பணம் குறைவு என்றால் மெஷினில் குறையுங்கள், துணியில் குறைக்க வேண்டாம். மலிவுத் துணியின் ஓரத் தையலே கீறும்.

றோட்டரி மெஷின் இரவலாகக் கிடைக்கிறது. அதை வைத்துச் செய்யலாமா?

வேண்டாம். நான் தொடங்கியது அப்படித்தான். கிரைண்டர் மாதிரி ஒரே அச்சில் சுற்றும் மெஷின் அது. கம்பளி பேட்டும் தடித்த கொம்பவுண்டும் போட்டு முதலில் பொனற்றிலும் பிறகு பின் கதவிலும் வைத்தேன். பொனற்றில் நன்றாகத்தான் வந்தது. கதவின் மடிப்பு விளிம்பில் இரண்டு விநாடி கூட நின்றுவிட்டேன். கையை எடுத்தபோது நீலத்துக்கு நடுவில் ஒரு சாம்பல் கோடு. பிரைமர். அந்தக் கதவை முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டி வந்தது.

விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ற் இயல்பாகவே மெலிந்திருக்கும், சூடும் அங்கேதான் ஏறும். றோட்டரி ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும். டி.ஏ. மெஷின் சுற்றிக்கொண்டே ஆடும், அதனால் சூடு பரவிவிடும். அதிகம் அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிடும், புதியவருக்கு அதுவே பாதுகாப்பு. நேரம் கூட எடுக்கும், பரவாயில்லை. கராஜ்களில் றோட்டரி பிடிக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பல வருடப் பழக்கம்.

மெஷின் இல்லாமல் கையால் செய்ய முடியாதா?

கதவுக் கைப்பிடிக்குக் கீழே விழும் நகக் கீறல், ஒரு சின்னக் கோடு, இவற்றைக் கையால் செய்யலாம். முழுக் காரையும் கையால் செய்தால் தோள் விழும், அழுத்தம் ஒரே சீராக இருக்காது, வேலையும் பாதியில் நிற்கும்.

கழுவினால் போதாதா, கிளே பார் எதற்கு?

கழுவிக் காய்ந்த பொனற்றின் மேல் ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கைக்கு மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். பிரேக் தூசி, தார், மரப்பிசின், யாரோ பக்கத்தில் ஸ்பிரே அடித்தபோது வந்த துளி, எல்லாம் ஒட்டியிருக்கும். அதன் மேல் பேட்டை வைத்தால் அவையே புதிய கீறலைப் போடும்.

கிளே பார் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்க விடுங்கள். அழுக்குப் படியப் படிய மடித்துப் புதிய முகத்தை எடுங்கள். நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், கழுவிப் பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் ஏறிய மணல் வெளியே வராது. நான் ஒரு கட்டியை எப்போதும் இரண்டாக வெட்டித்தான் வைத்திருப்பேன்.

சரி, மெஷினை எப்படிப் பிடிப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

நேரத்தில் தொடங்குவோம். வெயில் ஏறிய தகட்டில் பொலிஷ் உடனே காய்ந்து மாவாகிவிடும். புறங்கையை பொனற்றில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது தை, மாசி மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், சோளகத்துக்கு இன்னும் நாள் இருக்கும், தூசி குறைவு. காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணி வரை நிம்மதியாகச் செய்யலாம். முற்றத்தில் செய்வதானால் முதலில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிடுங்கள், புழுதி எழும்பாது.

கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர், எம்பிளம், கூர்மையான விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் பொலிஷ் பட்டால் வெள்ளைக் கறையை எடுப்பது பெரும்பாடு.

அடுத்தது சோதனை. முழுக் காரிலும் பாய்வதற்கு முன் பொனற்றில் ஒரு முழச் சதுரம் எடுத்து, மிக மெல்லிய பொலிஷும் மென்மையான பேட்டும் போட்டுப் பாருங்கள். கீறல் போய்விட்டால் முழுக் காருக்கும் அதுவே. போகாவிட்டால் நடுத்தர பேட். அதற்கும் போகாவிட்டால்தான் நடுத்தர பொலிஷ். கொம்பவுண்டைக் கடைசியாக யோசியுங்கள். எதற்குத் தேவையில்லையோ அதற்குக் கிளியரைச் செலவழிக்கக் கூடாது. ஒவ்வொரு காரின் பெயின்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக் காருக்குச் சரிவந்தது உங்கள் காருக்குச் சரிவரும் என்று நினைக்க வேண்டாம்.

பேட்டில் பட்டாணி அளவு நாலு துளி. புதிய பேட் என்றால் முதல் முறை முகம் முழுக்க மெல்லியதாகப் பூசுங்கள். மெஷினைப் பெயின்றின் மேல் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். அந்தரத்தில் போட்டால் சுவர் முழுக்கப் பொலிஷ்தான். முதலாம் வேகத்தில் பரப்பி, அதன் பிறகு நாலு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். விநாடிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டும் நகர வேண்டும். எல்லோரும் இங்கேதான் பிழை விடுகிறார்கள், தளபாடம் துடைப்பது மாதிரி வேகமாக ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு வரியும் முந்திய வரியில் பாதியை மூடட்டும். முதலில் இடம் வலமாக, பிறகு மேல் கீழாக. அப்படி இரண்டு மூன்று சுற்று.

பேட்டைப் பிடிக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வேலை செய்யும்போது கோடு சுற்றுவது தெரிய வேண்டும். கோடு நின்று வெறுமனே அதிர்ந்தால் அழுத்தம் கூட, அல்லது பேட் சரிந்திருக்கிறது.

துடைத்துவிட்டு லைற் அடித்துப் பாருங்கள். பொலிஷில் உள்ள எண்ணெய் மிஞ்சிய கீறலை மறைக்கும். அதனால் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு கலந்து தெளித்துத் துடைத்த பிறகு பார்த்தால்தான் உண்மை தெரியும். கொரோனாக் காலத்தில் மிஞ்சிய கை ஜெல்லை இதற்குப் பாவிக்க வேண்டாம், அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும்.

ஒவ்வொரு சதுரம் முடியும்போதும் பேட்டை ஒரு பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு பனலுக்கு ஒரு முறை பேட்டை மாற்றுங்கள். ஈரமும் கிளியர்த் தூளும் ஏறிய பேட் வெட்டாது, சூடாகத்தான் செய்யும்.

முதல் முறை என்றால் ஒரு முழுக் காருக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். எல்லாக் கீறலும் போகாது, போகவும் தேவையில்லை. பத்தில் ஏழு போனாலே வெயிலில் கார் வேறு காராகத் தெரியும்.

பற்பசை, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய்?

பற்பசையில் மெல்லிய அரைக்கும் பொருள் உண்டு, சின்னக் கீறல் ஒன்று மங்கும். ஆனால் அது பல்லுக்குச் செய்த தூள், பெயின்றில் மங்கலாகப் பனி படர்ந்த மாதிரித் தடம் விடலாம். தேங்காய் எண்ணெய் கீறலுக்குள் போய் நிற்கும் வரை பளபளக்கும், பிறகு தூசியை இழுத்துப் பிடிக்கும். மண்ணெண்ணெய் தாரைக் கழற்ற உதவும், உடனே ஷாம்பூ போட்டுக் கழுவ வேண்டும். கீறலுக்கு அது மருந்தாகாது.

கடையில் கட் அண்ட் பொலிஷ் செய்து இரண்டு மாதத்தில் கீறல் எல்லாம் திரும்ப வந்துவிட்டதே?

பெரும்பாலும் அந்தக் கீறல்கள் போகவே இல்லை. சில பொலிஷ்களில் நிரப்பும் எண்ணெயும் வாக்ஸும் இருக்கும். கொடுத்த அன்று கண்ணாடி மாதிரி இருக்கும், சில முறை கழுவியதும் நிரப்பியது கழன்றுவிடும். அடுத்த முறை காரை எடுக்கும்போது அல்கஹோல் தெளித்துத் துடைத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். நேர்மையாகச் செய்பவர்கள் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

அப்பப்பாவின் பழைய ஒஸ்ரின் கார் இன்னும் நிற்கிறது. அதற்கும் இதே முறையா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், தொடக்கத்துக்குச் சொட்டுப் பெற்றோல் ஊற்றி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் இல்லாத ஒரு யாழ்ப்பாண வீதியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவற்றில் கிளியர் கிடையாது, கிளியர் பரவலானது 1980களில்தான். மேலே இருப்பதே நிறம். பொலிஷ் செய்யும்போது பேட்டில் பச்சையோ நீலமோ ஏறும், பயப்பட வேண்டாம், அது இயல்பு. மேலே வெளிறிய படலம் போனதும் அடியில் பழைய நிறம் ஆழமாக வெளிவரும். அந்தக் கணம் மிக அழகானது. ஆனால் எடுக்கும் ஒவ்வொரு துளியும் நிறம்தான். மிக மெல்லிய பொலிஷ், மென்மையான பேட், முடிந்தால் கையால். விளிம்பில் மெஷினைக் கொண்டுபோகவே வேண்டாம். இந்தக் கார்கள் எத்தனையோ கை மாறி, எத்தனையோ முறை அடிக்கப்பட்டவை. அடியில் பள்ளம் நிரப்பிய பட்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சில புதிய கார்களிலும், முக்கியமாக மெற்றாலிக் இல்லாத வெள்ளையில், கிளியர் இல்லாமல் இருப்பதுண்டு. மறைவான இடத்தில் சிறிது பொலிஷ் போட்டுத் துடைத்துப் பாருங்கள், துணியில் நிறம் ஏறினால் கிளியர் இல்லை. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி எடுத்தால்தான் தெரியும்.

அண்மையில் கராஜில் அடித்த பனல் என்றால்?

அடித்தவரிடம் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேளுங்கள். பெயின்றுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேறும் வரை வாக்ஸ் போட்டு மூடக் கூடாது. ஒன்று இரண்டு மாதம் பொறுப்பது நல்லது.

பொலிஷ் முடிந்த பிறகு வாக்ஸா, சீலண்டா, செராமிக்கா?

ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். வாக்ஸ் அழகாக மினுங்கும், எங்கள் வெயிலில் சில வாரம்தான் நிற்கும். சீலண்ட் என்ற செயற்கைப் பூச்சு சில மாதம் நிற்கும், போடுவதும் சுலபம், புதியவருக்கு நான் சொல்வது அதைத்தான். செராமிக் வருடக்கணக்கில் நிற்கக்கூடியது, ஆனால் அடியில் இருக்கும் கீறலையும் சேர்த்துப் பூட்டிவிடும். செராமிக் போட்டால் கீறல் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபமாகும், அதுதான் அதன் பயன்.

காக எச்சத்துக்கும் வௌவால் எச்சத்துக்கும் எந்தப் பூச்சும் முழுக் காப்பு இல்லை. கண்டவுடன் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டினால் கீறல், விட்டால் அரிப்பு.

கார் கவர் போட்டு மூடி வைக்கலாமா?

சுத்தமான காருக்கு, காற்றில்லாத இடத்தில், போடலாம். தூசி படிந்த காரின் மேல் போட்டு வெளியே நிறுத்தினால் சோளகம் இரவு முழுக்கக் கவரை ஆட்டிக்கொண்டிருக்கும். காலையில் நீங்கள் துடைத்ததை விட அதிகமாக அது துடைத்திருக்கும்.

ஹெட்லைற் மஞ்சளாகிவிட்டது, கண்ணாடியிலும் கோடு. இதே பொலிஷ் சரிவருமா?

ஹெட்லைற் பிளாஸ்டிக்குக்கு மெல்லிய மஞ்சள் என்றால் சரிவரும், ஆனால் மேலே காப்புப் பூச்சு போடாவிட்டால் திரும்ப மஞ்சளாகும். கண்ணாடிக்குச் சரிவராது, அதற்குத் தனியான சேரியம் ஒக்சைட் பொலிஷ் உண்டு. மினுக்கமில்லாத மற் பெயின்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய காருக்கும் பொலிஷ் போடவே வேண்டாம்.

துணிகளையும் பேட்டையும் எப்படிக் கழுவுவது?

வேலை முடிந்த அன்றே. பொலிஷ் காய்ந்துவிட்டால் பேட் கல்லாகிவிடும். இளஞ்சூட்டு நீரும் சிறிது திரவச் சவர்க்காரமும் போட்டுப் பிசைந்து, நுரை வெள்ளையாகும் வரை அலசுங்கள். மைக்ரோபைபரைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், நூல் ஒட்டும். மணத்துக்குப் போடும் மென்மையாக்கியும் வேண்டாம், துணி தண்ணீர் உறிஞ்சாது. வேலியில் காயப் போடாமல் கொடியில் போடுங்கள். காய்ந்ததும் மூடியுள்ள வாளிக்குள் போட்டு வையுங்கள். நிலத்தில் விழுந்த துணி ஒன்று இருந்தால் அதைச் சில்லுத் துணியாக்கி, ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், பிறகு பொனற்றுக்கு மாறிப் போகாது.